அம்ப்ரெல்லா பாலிசிக்கு முன் கார் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கியாயிற்று, பிள்ளையும் கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டானா? அம்ப்ரெல்லா பாலிசி பற்றி யோசிக்க இதுதான் நேரம். விபத்து வழக்கில் 8,00,000 டாலர் இழப்பீடு தரச்சொல்லித் தீர்ப்பாகிறது, உங்கள் கார் பாலிசியோ 2,50,000 வரைதான் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 5,50,000 உங்கள் சேமிப்பிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் போகலாம். அந்த மீதிக்குத்தான் இந்தப் பாலிசி. பொதுவாக 10 லட்சம் டாலரில் தொடங்கும்.

பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில். கார் பாலிசியில் காயத்துக்கு ஒருவருக்கு 2,50,000, ஒரு விபத்துக்கு 5,00,000, வீட்டுப் பாலிசியில் 3,00,000 டாலர் என்ற அளவில் பொறுப்புக் காப்பீடு (நீங்கள் பிறருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கானது) முதலில் இருந்தால்தான் அம்ப்ரெல்லா தருவோம் என்று பல நிறுவனங்கள் சொல்லும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் அதைக் குறைத்தால், குறைத்த வரம்புக்கும் அம்ப்ரெல்லா தொடங்கும் அளவுக்கும் நடுவில் விழும் ஓட்டைக்கு நீங்கள்தான் கைக்காசு போட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டப்படி கார் பாலிசியில் காயத்துக்கு ஒருவருக்கு 30,000 டாலர் இருந்தாலே போதும். அம்ப்ரெல்லாவுக்கு அது எந்த மூலைக்கு?

நீச்சல்குளம், டிராம்போலின், நாய் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்தக் காயமும் தொழில் சார்ந்த வழக்குகளும் பொதுவாக இதில் வராது.