லெஜியனில் எத்தனை பேர்? எண்ணுக்கு முன் காலத்தைப் பாருங்கள்

ரோமானியப் படையின் பெரும் பிரிவான லெஜியனில் 4200 காலாட்படையினர் என்பார் ஒருவர், 6100 என்பார் இன்னொருவர். குழம்ப வேண்டாம், எழுதியவர் எந்தக் காலத்தவர் என்று முதலில் பாருங்கள். 4200 கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொன்னது. கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காரர், நெருக்கடி வந்தால் 5000 ஆகும் என்றும் அவரே சொல்கிறார். 6100 ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் கணக்கு. ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர், பழைய நூல்களிலிருந்து தொகுத்தவர். பல காலத்துச் செய்திகள் அவரிடம் கலந்து கிடக்கும். அவரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பெயரும் ஏமாற்றும். லெஜியனுக்குள் இருக்கும் சிறு பிரிவுக்குச் செஞ்சுரி என்று பெயர், அதில் நூறு பேர் என்று தோன்றும். ஆனால் பாசறை அமைப்பது பற்றிய பழைய லத்தீன் கையேடு ஒன்று 80 பேர் என்கிறது. கூடாரத்துக்கு 8 பேர், அப்படியானால் 10 கூடாரம் வேண்டும். 16 பேர் எப்போதும் காவலில் இருப்பதால் 8 கூடாரம் அடித்தாலே போதுமாம்! இந்த மாதிரி நடைமுறை விவரம் வரும் இடத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

அப்புறம், மண்ணையும் கேளுங்கள், அதாவது அகழாய்வையும் பாருங்கள். பல செஞ்சுரிகள் சேர்ந்தது ஒரு கோஹார்ட். ஸ்காட்லாந்தில் உள்ள இன்ச்டுத்தில் என்ற ரோமானியக் கோட்டையில் முதல் கோஹார்ட்டுக்கு மட்டும் குடியிருப்பு அதிகம். முதல் கோஹார்ட் மற்றவற்றைப் போல் இரு மடங்கு என்று வெஜீஷியஸ் எழுதியது அங்கே பொருந்துகிறது.