செவிலியர் பணி ஒப்படைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவுப் பணி முடிந்து காலைப் பணி தொடங்கும் வேளையில், ஒரு வார்டிலுள்ள நோயாளிகள் அனைவரின் பொறுப்பும் சில நிமிடங்களில் ஒரு செவிலியரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் நோயாளி பாதுகாப்புக்காக முன்வைத்த ஒன்பது தீர்வுகளில், இந்த ஒப்படைப்பின்போது நிகழும் தகவல் பரிமாற்றத்தைச் சீராக்குவதும் ஒன்று.

நான் காணும் தவறுகளில் மிகப் பரவலானது, பொதுச் சொற்களால் நோயாளியின் நிலையை மூடிவிடுவது. “ஆறாம் பெட் ஸ்டேபிள், ஒன்றும் விசேஷமில்லை” என்று இரவு முழுவதும் ஓய்வின்றி உழைத்தவர் சொல்லிவிட்டுப் போகிறார். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த அந்த நோயாளிக்கு இரவு 2 மணி முதல் காலை 7 மணி வரை சிறுநீர் மொத்தம் 40 மில்லி மட்டுமே வந்திருக்கிறது. நாடித்துடிப்பு 92இலிருந்து 118க்கு ஏறியிருக்கிறது. இரண்டும் கேஸ் ஷீட்டில் பதிவாகியிருந்தாலும், இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால்தான் உள்ளே இரத்தக்கசிவு இருக்குமோ என்ற ஐயம் அடுத்தவருக்கு உடனே எழுந்திருக்கும். எழுதியாயிற்று என்பதற்காகச் சொல்லாமல் விடுவதும் தவறு, அளவைச் சொல்லாமல் அபிப்பிராயத்தை மட்டும் சொல்வதும் தவறு.

தொலைபேசியில் மருத்துவர் கூறும் மருந்தளவைத் திருப்பிச் சொல்லாமல் குறித்துக்கொள்வது இதைவிட ஆபத்தானது. இன்சுலின் ‘ஃபிப்டீன்’ யூனிட் என்பது இரைச்சலில் ‘ஃபிப்டி’ என்று கேட்கக்கூடும். எனவே எழுதிய பிறகு, “ஒன்று, ஐந்து; பதினைந்து யூனிட்தானே, டாக்டர்?” என்று வாசித்துக் காட்டி, அவர் ஆமென்ற பின்னரே மருந்தை எடுக்க வேண்டும்.

மருத்துவரை அழைக்கும்போது சுற்றி வளைத்துப் பேசுவது இளம் செவிலியரிடம் அதிகம் தென்படுகிறது. “டாக்டர், ஆறாம் பெட் பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்” என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் பணியிலிருந்து மருத்துவத் துறைக்கு வந்த ‘எஸ்பார்’ முறை, நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் பேசச் சொல்கிறது. இவற்றுள் நான்காவதைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். “நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்” என்று மூத்தவரிடம் சொல்வது மரியாதைக் குறைவாகாது. சொல்லத் தயங்குவதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். ஆனால் இதில் செவிலியரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நள்ளிரவு அழைப்புக்கு ஒருமுறை எரிந்து விழுந்த மருத்துவரை அடுத்த முறை அழைக்க யாருக்கும் கை வராது என்பதால், இந்தத் தவறைத் திருத்தும் பொறுப்பு மேலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒப்படைப்பைக் கூடியவரை நோயாளியின் படுக்கையருகே நடத்துவது நல்லது. டிரிப் ஓடும் வேகம், கட்டு நனைந்திருக்கிறதா என்பவற்றை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். ஆயினும் அடுத்த படுக்கைக்காரரும் உறவினரும் கேட்கும்படி நோயறிதலை உரக்கச் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. இத்தகைய விவரங்களைச் செவிலியர் மேசைக்குத் திரும்பிய பின் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.