சி நீட்சியில் கைநழுவிய ஒரு ரெஃபரன்ஸ்: என் அனுபவம்

பைத்தானுக்காக நான் சி மொழியில் எழுதிய நீட்சி (எக்ஸ்டென்ஷன் மாட்யூல்), ஒரே ஒரு சோதனையில் மட்டும், அதுவும் சில நேரங்களில் மட்டும், செக்மென்டேஷன் ஃபால்ட்டுடன் (தவறான நினைவக அணுகலால் வரும் முறிவு) நின்றது. அந்தச் சோதனை, மாட்யூலில் இருந்த, பிழையைக் குறிக்கும் என் எக்ஸெப்ஷன் வகையை நீக்கிவிட்டு, பிழை எழும்படி ஒரு ஃபங்ஷனை அழைத்தது.

அந்த வகையை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொண்டு, பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் வழியாக மாட்யூலில் சேர்த்திருந்தேன். இந்த ஃபங்ஷன் வெற்றி பெற்றால் நம்முடைய ரெஃபரன்ஸை (ஒரு பொருளை அழியாமல் வைத்திருக்கும், எண்ணிக் கணக்கிடப்படும் பிடிமானத்தை) தனதாக்கிக்கொள்கிறது; தோல்வியுற்றால் அதை நம்மிடமே விட்டுவிடுகிறது. இந்த இரட்டை நடத்தையே பலரையும் தடுமாற வைக்கிறது என்பது என் கருத்து. என் ஸ்டாட்டிக் மாறிக்கென்று ரெஃபரன்ஸ் எதுவும் மிஞ்சாததால், மாட்யூலிலிருந்து பெயர் நீங்கியதும் அந்த வகைக்கு வெளியிலிருந்து பிடிமானம் இல்லாமல் போயிற்று. வகைகள் தம்மையே சுட்டிக்கொள்ளும் சுழற்சியைக் கொண்டவை; ஆகவே அது உடனே அழியாமல், இத்தகைய சுழற்சிகளை அவ்வப்போது தேடி நீக்கும் கார்பேஜ் கலெக்டர் ஓடிய பிறகே அழிந்தது; என் மாறியோ அழிந்த வகையையே சுட்டிக்கொண்டிருந்தது. முறிவு சில நேரங்களில் மட்டும் தோன்றியதன் காரணம் இதுதான்.

பைத்தான் 3.10இல் வந்த பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் ரெஃபரன்ஸைப் பறிப்பதில்லை என்பதால் அதற்கு மாறினேன். பழைய பதிப்புகளுக்கு, சேர்ப்பதற்கு முன் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைக் கூட்டும் பை_இன்க்ரெஃப் அழைத்து, தோல்வியுற்றால் எண்ணிக்கையைக் குறைக்கும் பை_டெக்ரெஃப் மூலம் அதை விடுவித்தேன். சோதனை இப்போது ஒவ்வொரு முறையும் முழுமையாக ஓடுகிறது.