கூடுதல் இறப்புக் கணக்கைப் படிப்பது எப்படி?

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போவார். 2020 ஏப்ரல் ஊரடங்கில் பஸ் இல்லை, ஆட்டோவும் வரவில்லை. மூன்று தடவை தவறிப்போனது. அடுத்த தடவை ஆம்புலன்ஸில் போனவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதியிருந்தார்கள். கொரோனா மரணப் பட்டியலில் அவர் இல்லை. ஆனால் அந்த நோய்க்காலம் வந்திராவிட்டால் அந்த மாதம் அவர் போயிருக்கமாட்டார்.

இவரைப் போன்றவர்களையும் பிடிக்கும் கணக்குதான் கூடுதல் இறப்பு. ஒரு காலத்தில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் எத்தனை பேர், வழக்கமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு. அவ்வளவுதான்.

முதல் படி: மாதவாரி இறப்பு எண்ணிக்கையை எடுங்கள். நோய்க்காலத்துக்கு முந்தைய ஐந்தாண்டுக்காவது வேண்டும். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் 2021 மே மாதக் கொடுமை மற்ற மாதங்களுக்குள் கரைந்துவிடும்.

இரண்டாம் படி: ‘வழக்கம்’ எது என்று முடிவுசெய்யுங்கள். தவறு அதிகம் நடக்கும் இடம் இது. ஒரு கற்பனை ஊர். 2015 முதல் 2019 வரை மே மாத இறப்புகள் 400, 410, 420, 430, 440. 2021 மே மாதம் 900. சராசரி 420 என்று வைத்தால் கூடுதல் 480. ஆனால் வருடத்துக்குப் பத்து ஏறிவருகிறதே! மக்கள்தொகையும் முதியவர்களும் கூடும்போது அப்படித்தான் ஏறும். அந்தப் போக்கில் 2021க்கு 460 வரும், கூடுதல் 440. அதாவது வழக்கத்தைவிட 96 சதவீதம் அதிகம். ஊர்களை ஒப்பிட இந்தச் சதவீதத்தையே பயன்படுத்துங்கள்.

நிபுணர்களுக்கும் இது சறுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் ஜெர்மனிக்கு 1.95 லட்சம் கூடுதல் இறப்பு என்றது. 2019இல் அங்கே இறப்பு சற்றுக் குறைந்திருந்ததால், எதிர்பார்ப்புக் கோடு கீழே வளைந்துவிட்டது. திருத்தியபின் 1.22 லட்சம்.

மூன்றாம் படி: பதிவைச் சந்தேகியுங்கள். இந்தியாவில் பதிவான இறப்புகள் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 102.2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏற்றம். அந்த ஆண்டுக்கான அரசின் கொரோனா மரணக் கணக்கோ சுமார் 3.3 லட்சம். அதற்காக மீதி முழுவதும் மறைக்கப்பட்ட கொரோனா மரணம் என்று எழுதிவிடாதீர்கள். பதிவுசெய்யும் வழக்கம் வருடாவருடம் கூடிவருகிறது, தாமதப் பதிவுகளும் உண்டு. இவற்றைக் கழித்தாலும் பெரிய இடைவெளி மிஞ்சும் என்பதே என் கருத்து. அதைப் பதிவுக் கோளாறு என்று தள்ளிவிடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நான்காம் படி: கூடுதலைப் பிரியுங்கள். அதற்குள் மூன்று இருக்கின்றன. கொரோனாவால் இறந்தவர்கள் ஒரு பகுதி; இவர்களில் பட்டியலில் எண்ணப்படாதவர்களும் உண்டு. சென்னையில் மாநகராட்சிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலை 22 அன்று சேர்த்தார்கள். தையல்கார அண்ணனைப் போல மறைமுகமாக இறந்தவர்கள் இன்னொரு பகுதி. மூன்றாவது, வழக்கமான காலமாக இருந்தால் இறந்திருப்பார்கள், ஆனால் தப்பியவர்கள். இந்தியாவில் சாலை விபத்து மரணங்கள் 2019இல் 1.51 லட்சம், 2020இல் 1.32 லட்சம். இது கூடுதலைக் குறைத்துக் காட்டும்.

எது எவ்வளவு என்று அறிய, காலத்தைப் பாருங்கள். தொற்று அலையோடு சேர்ந்து இறப்பும் ஏறி இறங்கினால் பெரும்பகுதி வைரஸின் வேலை. தொற்று இல்லாமல் ஊரடங்கு மாதங்களில் மட்டும் ஏறினால் மறைமுக விளைவைத் தேடுங்கள். கடும் ஊரடங்கு போட்டு, தொற்றையும் அடக்கிய நியூசிலாந்தில் 2020இல் இறப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஊரடங்குதான் எல்லோரையும் கொன்றது என்று வாதிடுகிறவர்களிடம் இந்த ஒரு நாட்டைக் காட்டினால் போதும்.

மறைமுக விளைவு உடனே தெரியாமலும் போகலாம். இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, பரிசோதனைதான் குறைந்தது. மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருந்தவர்களின் மரணம் அடுத்தடுத்த ஆண்டுகளில் விழும். உங்கள் அட்டவணையில் 2022, 2023 வரிசைகளுக்கும் இடம் விட்டு வையுங்கள்.