பித்தப்பைக் கல்லு வலி: நம்ம கடக்கரைப் பக்கம் திரும்பத் திரும்ப நடக்குற தப்புங்க

எனக்கு மொத வலி வந்தது ஒரு கல்யாண வீட்டு நெய்ச்சோறு சாப்ட்ட ராத்திரி. பதினோரு மணி இருக்கும், நெஞ்சுக்குழில ஆரம்பிச்சு வலது விலாவுக்குக் கீழ போயி அப்படியே முதுகுல தோள்பட்டை எலும்புகிட்ட குத்தி நின்னுருச்சு. உக்காந்தா வலி, படுத்தா வலி, குப்புறப் படுத்தாலும் வலி. அம்மா ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தாங்க, ஈனோ குடிச்சேன், ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன், மூணு மணிக்கு தானா விட்டுருச்சு. காலைல எந்திரிச்சு வெள்ளன வேலையப் பாத்துட்டேன், கேஸ்தான்னு முடிவும் பண்ணிட்டேன். இப்படியே ரெண்டு வருசம், ஏழு தடவ. ஏழாவது தடவதான் ஸ்கேன் எடுத்தேன். அந்த ரெண்டு வருசத்துல நான் பண்ணுன தப்பும், எங்க வீட்லயும் மண்டபம் பாம்பன் பக்கம் தெரிஞ்சவங்க வீட்லயும் நடந்த தப்பும் சேத்துத்தான் இத எழுதுறேன், ஏன்னா எல்லாம் ஒரே மாதிரி தப்பாத்தான் இருக்கு.

மொத தப்பு, வலி விட்டுருச்சுன்னா சரியாயிருச்சுன்னு நெனைக்கிறது. பித்தநீர ஈரல்தான் சுரக்குது, பித்தப்பை அத வாங்கி வச்சுக்கிற ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். எண்ணெய், நெய், தேங்காப்பால்னு கொழுப்பு உள்ள போனதும் அந்தப் பை சுருங்கி பித்தத்தப் பிழிஞ்சு விடும். அப்படிப் பிழியுற நேரத்துல உள்ள கெடக்குற கல்லு பையோட வாய்ப்பக்கம் வந்து அடைச்சுக்கிட்டா வலி. கல்லு மறுபடி பைக்குள்ளயே உருண்டு விழுந்துட்டா வலி போயிரும். வலிதான் போச்சே ஒழிய கல்லு எங்கயும் போகல, அடுத்த பரோட்டாவுக்கோ அடுத்த தேங்காப்பால் தொதல் இனிப்புக்கோ அது அங்கயேதான் இருக்கும். கேஸுக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்லணும்னா, கேஸ் வலி ஏப்பம் விட்டா, வெளிக்குப் போனா கொஞ்சமாவது கொறையும், இது கொறையாது. கொறஞ்சது அரைமணி நேரம், சிலருக்கு நாலஞ்சு மணி நேரம் விடாம நிக்கும், பெரும்பாலும் சாப்ட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு இல்லாட்டி நடுராத்திரில வரும்.

ஆனா இதுல எதிர்த்தப்பும் ஒண்ணு இருக்கு, அது உசுருக்கே ஆபத்து. நாப்பது தாண்டுனவங்க, சுகர் இருக்கறவங்க, பீடி சிகரெட் குடிக்கிறவங்களுக்கு நெஞ்சுக்குழில வலி வந்து வேர்த்தா மொதல்ல ஈசிஜி எடுத்துப் பாக்கணும். ஹார்ட் அட்டாக்கும் அதே எடத்துலதான் வலிக்கும். "ஏற்கனவே கல்லு இருக்குன்னு சொன்னாங்கல்ல, அதுதான்"னு வீட்ல படுக்க வைக்கக் கூடாது.

ஸ்கேனுக்குப் போறதுலயும் ஒரு சின்னத் தப்பு. எக்ஸ்ரேல பித்தப்பைக் கல்லு முக்கால்வாசி தெரியவே தெரியாது, அல்ட்ராசவுண்டு ஸ்கேன்தான் எடுக்கணும், அதுக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிறா இருக்கணும். நம்மாளுங்க பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பால் டீ குடிச்சிருவாங்க. பால்ல இருக்குற கொழுப்புக்கே பை சுருங்கிரும், சுருங்குன பைக்குள்ள இருக்குறது சரியாத் தெரியாது. தங்கச்சிமடத்துலருந்து ராமநாதபுரம் வரைக்கும் போயிட்டு "நாளைக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டா அந்த நாளோட கூலியும் போச்சு.

அடுத்தது கல்லடைப்போட சேத்துக் கொழப்பிக்கிறது. இது எங்க ஊர்ல ரொம்ப அதிகம், காரணமும் புரியுது. உப்புத்தண்ணி, வெயிலு, வேர்வை, அதனால சிறுநீரகக் கல்லு இல்லாத தெருவே இல்லன்னு சொல்லலாம். அதுக்கு வாழத்தண்டு சாறு, சிறுபீளைக் கஷாயம், நெறய தண்ணின்னு குடிச்சுக் குடிச்சு, யாருக்குக் கல்லுன்னாலும் அதையே சொல்றாங்க. சிறுநீரகக் கல்லு ஒண்ணுக்குப் போற பாதையில இருக்கு, சின்னதா இருந்தா தண்ணியோட வெளிய வரும். பித்தப்பைக்கும் ஒண்ணுக்குப் போற பாதைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பித்தப்பைக் கல்லு கொழுப்பும் பித்தத்தோட நெறமியும் உறைஞ்சு உருவாகுறது, நீங்க எவ்வளவு வாழத்தண்டு குடிச்சாலும் அது அங்க போய்ச் சேராது. நம்ம ஊரு தண்ணியாலதான் பித்தப்பைல கல்லு வந்துச்சுன்னு சொல்றதும் சரியில்ல. பொம்பளைங்களுக்கு, அதுலயும் ரெண்டு மூணு புள்ள பெத்தவங்களுக்கு, கர்ப்பத்தடை மாத்திரை சாப்டுறவங்களுக்கு, ஒடம்பு பருமனா இருக்கறவங்களுக்கு, சுகர்காரங்களுக்கு, வீட்ல முன்னாடி யாருக்காச்சும் இருந்தவங்களுக்கு இது அதிகமா வரும். ஒடம்பக் கொறைக்கிறேன்னு பட்டினி கெடந்து வேகமா எடையக் கொறச்சவங்களுக்கும் வரும், இது நெறய பேருக்குத் தெரியாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சம்பழச் சாறும் குடிச்சா கல்லு வெளிய வந்துரும்னு ஒரு வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு. எங்க சின்னம்மா அதக் குடிச்சாங்க, மறுநாள் பச்சைப் பச்சையா உருண்டை வந்துச்சுன்னு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனாங்க, எனக்கு அதப் பாத்ததும் மனசே சரியில்ல. அது கல்லு இல்ல. எண்ணெயும் சாறும் வயித்துக்குள்ள சேந்து சோப்பு மாதிரி உறைஞ்ச கட்டி. 2005ல லான்செட் மருத்துவ இதழ்ல இப்படி வந்த உருண்டைகள சோதிச்சுப் பாத்து, உள்ள கொழுப்பு அமிலம்தான் இருந்துச்சு, பித்தக்கல்லுக்கான பொருள் எதுவும் இல்லன்னு எழுதியே இருக்காங்க. அதவிட பயம் என்னன்னா, அவ்வளவு எண்ணெய ஒரே மூச்சுல குடிச்சா பித்தப்பை ஓங்கிப் பிழியும், சும்மா கெடந்த கல்லு போயி குழாய்ல மாட்டிக்கும். சின்னம்மாவுக்கு அந்த மாதிரி ஆகல. ஆனா திரும்ப ஸ்கேன் எடுத்தப்ப மூணு கல்லும் இருந்த எடத்துலயே இருந்துச்சு.

கல்லு கரைக்கிற மாத்திரைன்னு ஒண்ணு நெசமாவே இருக்கு, உர்சோடியாக்சிகோலிக் ஆசிட்னு பேரு. அது சின்னதா, சுண்ணாம்பு படியாத, கொழுப்புக் கல்லுக்கு மட்டும்தான் வேல செய்யும், அதுவும் மாசக்கணக்குல வருசக்கணக்குல சாப்டணும், கரைஞ்சாலும் அஞ்சு வருசத்துக்குள்ள பாதிப் பேருக்குத் திரும்ப வந்துருது. ஆபரேஷன் பண்ணவே முடியாத ஒடம்புக்கு டாக்டர் எழுதுனா சரி, நாமளா மெடிக்கல்ல வாங்கிச் சாப்ட்டு நாளத் தள்ளக் கூடாது.

இப்ப ஆபரேஷன் முடிவுக்கு வர்றேன். கல்லு எத்தன எம்எம்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்குறாங்க. அஞ்சு எம்எம்னா "சின்னதுதானே விடு", இருவது எம்எம்னா "ஐயோ". நெசத்துல சின்னக் கல்லுதான் நழுவிப் போயி பித்தக்குழாய்ல சிக்குறதுக்கு வசதியா இருக்கு, கணையம் வீங்குறதும் பெரும்பாலும் அந்தப் பொடிக் கல்லாலதான். அதனால மொதல்ல கேக்க வேண்டியது, அந்தக் கல்லு ஒங்களுக்கு வலி குடுத்துச்சா இல்லையான்னு. வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்தப்ப தற்செயலாக் கல்லு தெரிஞ்சுது, வலியே வந்ததில்லன்னா பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம். அப்படிப்பட்டவங்கள்ல வருசத்துக்கு நூறுல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் தொந்தரவு ஆரம்பிக்குது. "கேன்சரா மாறிரும்"னு பயமுறுத்தி அவசரமா வெட்டச் சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. பித்தப்பைப் புத்துநோய் நம்ம நாட்டுல வடக்க கங்கைக்கரைப் பக்கம்தான் அதிகம், தெற்க ரொம்பக் கம்மி. மூணு சென்டிமீட்டருக்கு மேல கல்லு, பையோட சுவரு சுண்ணாம்பாகிக் கெட்டியானது, உள்ள ஒரு சென்டிமீட்டருக்கு மேல சதை வளந்துருக்கறது, இந்த மாதிரி சிலதுக்கு மட்டும் வலி இல்லாட்டியும் எடுக்கச் சொல்லுவாங்க. வயித்து உப்புசமும் ஏப்பமும் மட்டும்தான் இருக்குன்னு அதுக்காகப் பையை எடுத்தவங்கள்ல நெறய பேரு, எடுத்ததுக்கப்புறமும் அதே உப்புசத்தோட இருக்காங்க, ஏன்னா அது கல்லால வந்ததே இல்ல.

ஆனா ஒரு தடவ அந்த வலி வந்துருச்சுன்னா கணக்கு மாறிருது, திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். இங்கதான் நம்ம கடக்கரை ஆளுங்க கூட ஒண்ணு யோசிக்கணும்னு நான் சொல்றேன். மதுரைல வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குறவரு "இன்னொரு தடவ வரட்டும் பாக்கலாம்"னு இருக்கலாம். மீன்பிடிக்க டோக்கன் வாங்கிட்டு ராத்திரி பூரா கடல்ல இருக்கறவரு அப்படி இருக்க முடியுமா?

எங்க அண்ணன் அப்படித்தான் இருந்தாரு. மூணு தடவ வலி வந்தும் "சீசன் முடியட்டும்"னு சொல்லிக்கிட்டே விசைப்படகுல போனாரு. ஒரு நாள் நடுக்கடல்ல ராத்திரி வலி ஆரம்பிச்சு, கூட இருந்தவங்க வலி மாத்திரை குடுத்து, வலையை இழுத்துட்டுத்தான் திரும்ப முடியும்னு ஆகி, காலைல கரைக்கு வந்தப்ப குளிர் நடுக்கம், காய்ச்சல், கண்ணு மஞ்சள். ராமேஸ்வரத்துலருந்து ராமநாதபுரமே அம்பத்தஞ்சு கிலோமீட்டர், அங்கருந்து மதுரைக்கு நூத்திப்பத்துக்கு மேல. கல்லு பித்தக்குழாய்ல அடைச்சு சீழ் பிடிச்சிருந்துச்சு. மொதல்ல வாய் வழியா டியூப் விட்டு அந்தக் கல்ல எடுத்தாங்க, இஆர்சிபின்னு சொல்றது, அப்புறம் ஒடம்பு தேறுனதும் தனியாப் பித்தப்பையை எடுத்தாங்க. ரெண்டு நாள்ல முடிய வேண்டியது பத்தொம்பது நாளாச்சு. மதினி அந்தப் பத்தொம்பது நாளும் வார்டு வராந்தாலதான் தூங்குனாங்க.

நம்ம பக்கம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. ஆபரேஷன்னு முடிவானவங்களுக்கு அதவிட நல்ல நேரம் கெடையாது. லேப்ராஸ்கோப்பில, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டுப் பண்ணுனா ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரலாம், லேசான வேல ஒண்ணு ரெண்டு வாரத்துல பாக்கலாம், வலை இழுக்கற மாதிரி பாரமான வேலைக்கு நாலுலருந்து ஆறு வாரம் விடணும். தடைக்காலத்துக்குள்ள எல்லாம் அடங்கிரும். கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரு காயம் நல்லா ஆறுன பிறகு, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு தண்ணில எறங்குங்க. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வெளிநாடு போறவங்க, வலி வந்த கல்லு இருந்தா போறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணிருங்க. அங்க போயி தனியா ரூம்ல துடிச்சுக்கிட்டு லீவு கேட்டு நின்னவங்கள எனக்குத் தெரியும்.

எப்ப விடியுற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்கறத மட்டும் தனியா சொல்லிர்றேன். அஞ்சாறு மணி நேரம் தாண்டியும் வலி விடல, காய்ச்சல் குளிர் நடுக்கம், கண்ணு மஞ்சளாகுது, ஒண்ணுக்கு கடும் மஞ்சளாப் போகுது, மலம் வெள்ளக் களிமண் மாதிரி போகுது, வலி முதுகத் துளைக்கிற மாதிரி இருந்து வாந்தி நிக்கவே இல்ல, இதுல எது வந்தாலும் 108க்கு போன் பண்ணுங்க, போற வழில சாப்பாடு தண்ணி எதுவும் குடுக்காதீங்க. மஞ்சக்காமாலைக்கு மருந்து குடுக்கறவர்கிட்ட கூட்டிட்டுப் போயி மூணு நாள் போக்குறது எங்க பக்கம் இன்னமும் நடக்குது. கீழாநெல்லி அடைப்ப எடுக்காது. சுகர்காரங்களுக்கு வலி கம்மியாத் தெரிஞ்சாலும் உள்ள சீழ் பிடிச்சிருக்கலாம், அவங்க விசயத்துல இன்னும் சீக்கிரம் போகணும்.

பித்தப்பை வீங்கிப் போச்சுன்னா "வீக்கம் வத்தட்டும், ஆறு வாரம் கழிச்சு வாங்க"ன்னு முன்னாடியெல்லாம் சொல்லுவாங்க. இப்ப ஒடம்பு தாங்கும்னா அந்த மொத சில நாள்லயே எடுத்துர்றதுதான் நல்லதுன்னு டாக்டருங்க சொல்றாங்க.

"கல்ல மட்டும் எடுத்துட்டு பையை விடக் கூடாதா"ன்னு நானும் கேட்டேன். கல்லு உருவாகுற எடமே அந்தப் பைதான், விட்டா திரும்ப உருவாகும்னாங்க. பையை எடுத்தா செரிக்காதுன்னு பயப்படுறாங்க, ஈரல் பித்தத்த சுரந்துக்கிட்டுத்தான் இருக்கும், நேரா குடலுக்குப் போயிரும். எனக்கு மொத மாசம் எண்ணெய்ப் பலகாரம் சாப்ட்டா வயிறு இளகுச்சு, அப்புறம் சரியாயிருச்சு. வயசானவங்க பயப்படுறது அந்தக் காலத்து நீளத் தையல நெனச்சு. 1985ல ஜெர்மனில மொத மொதல்ல துளை போட்டுப் பண்ணுனாங்க, 1990ல மும்பைக்கு வந்துச்சு, இப்ப சின்னச் சின்னதா நாலு ஓட்டை. அதுக்காக ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆயிரத்துல மூணு நாலு பேருக்கு பித்தக்குழாய்ல காயம் படுது, சிலருக்கு பாதில வயித்தத் தெறந்து பண்ண வேண்டி வருது. இத டாக்டர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க, எத்தன கேஸ் பண்ணிருக்கீங்கன்னும் கேளுங்க, கேட்டதுக்குக் கோவப்படாதவர்கிட்ட பண்ணுங்க.

பணத்துக்கு நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட இப்பவே போட்டு வச்சிருங்க. வலில சுருண்டு கெடக்கும்போது யாரும் போயி அலைய முடியாது. ராமநாதபுரத்துல 2022லருந்து அரசு மருத்துவக் கல்லூரியே வந்துருச்சு, மொதல்ல அங்க காட்டுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் பொம்பளைங்க பண்ற தப்பு குடம். தண்ணி லாரி வந்துருச்சுன்னா நாலாம் நாளே தள்ளுவண்டிய எடுத்துட்டுப் போயிர்றாங்க. தொப்புள் பக்கத்துத் தையல் விட்டுச்சுன்னா அங்க குடல் பிதுங்கி வரும், திரும்ப ஆபரேஷன். ஒரு மாசத்துக்கு வீட்டு ஆம்பளைங்க தூக்கட்டும். தோள்பட்டைல ரெண்டு நாள் வலிக்கும், அது ஆபரேஷனுக்காக வயித்துக்குள்ள அடிச்ச கேஸால, பயப்பட வேண்டாம். ஆனா வயிறு வீங்குறது, காய்ச்சல், கண்ணு மஞ்சளாகுறது இருந்தா "வாராவாரம் செக்கப் இருக்குல்ல"ன்னு காத்திருக்காம அன்னைக்கே போங்க. எடுத்த பையை பயாப்சிக்கு அனுப்புவாங்க, அந்த ரிப்போர்ட்ட மறக்காம வாங்குங்க. என்னோடது நாப்பது நாள் அந்த ஆஸ்பத்திரி மேசைலயே கெடந்துச்சு, யாரும் கூப்டவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல, நல்லவேளை அதுல ஒண்ணும் இல்ல.

மதினிக்குப் போன மாசம் அதே எடத்துல வலி வந்துருக்கு. இந்த தடவ ஓமத்தண்ணி வைக்கல. டீ குடிக்காம காலைல மொத பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தாச்சு, ரெண்டு கல்லு, குழாய்ல ஒண்ணும் இல்ல. அண்ணனுக்குக் கடல் கெடையாத நாளாப் பாத்து, ஏப்ரல் கடைசி வாரத்துல தேதி வாங்கிருக்கோம்.