கடின உலோகமும் மென் உலோகமும் ஒன்றாக உருளும்போது: வீட்டில் செய்து பார்க்கும் முறை

எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த மூன்றடுக்கு வாணலியின் தகடு, உருளைகளுக்கிடையே சேர்த்து நசுக்கி ஒட்டவைக்கப்படுகிறது. ஒரே அழுத்தத்துக்கு எஃகும் அலுமினியமும் ஒரே அளவில் இளகிக் கொடுப்பதில்லை. அந்த வேறுபாடு உள்ளே என்ன செய்கிறது என்பதை நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். இரண்டு நிறப் பிளாஸ்டிசின் (குழந்தைகள் உருவம் செய்யும் களிமண்), வாஸ்லின், முகப்பவுடர், சப்பாத்திக் கட்டை, தையல் நூல் ஆகியவை போதும்.

முதலில், ஒரு நிறத்தை மட்டும் வாஸ்லின் சேர்த்துப் பிசைந்து நன்றாக இளக்கிக்கொள்ளுங்கள். மற்றதைக் குளிர்பெட்டியில் வைத்துக் கடினமாக்கலாமே என்று தோன்றும். சிங்கப்பூர் வெக்கையில் அந்தக் கடினம் சில நிமிடங்களில் போய்விடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து, மென்மையானது, கடினமானது, மென்மையானது என்ற வரிசையில், ஒவ்வொன்றும் 6 மி.மீ. தடிப்புள்ள மூன்று பட்டைகளை அடுக்குங்கள். கட்டையிலும் மேசையிலும் முகப்பவுடர் தூவலாம். அடுக்குகளுக்கு இடையே ஒரு துளியும் புகக் கூடாது. சப்பாத்தி தேய்ப்பதுபோல் திருப்பித் திருப்பித் தேய்க்காமல், ஒரே திசையில் உருட்டி, 18 மி.மீ. அடுக்கை 9 மி.மீ. ஆக்குங்கள்.

இப்போது உருட்டிய திசையிலேயே நூலால் அறுத்து, வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேற்பரப்பு எதையும் சொல்லாது. எல்லாம் இங்கேதான் இருக்கிறது. மூன்றும் சமமாக நசுங்கியிருந்தால் ஒவ்வொன்றும் 3 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் நடு அடுக்கு அதைவிடத் தடித்தும், மென்மையான அடுக்குகள் மெலிந்து, முனைகளில் நாக்குபோல் முன்னே நீண்டும் இருக்கும். மென்மையானது முதலில் வழிந்தோட முயல்கிறது. ஒட்டிக்கொண்ட கடின அடுக்கு அதைப் பின்னே பிடிக்கிறது, தானும் நீளவாட்டில் இழுபடுகிறது.

அந்த இழுப்பின் விளைவைக் காண, நடு அடுக்கை 2 மி.மீ. ஆக்கி மீண்டும் செய்து, இன்னும் மெல்லியதாக உருட்டுங்கள். எங்கோ ஓரிடத்தில் தற்செயலாகச் சற்று மெலிந்திருந்த பகுதி மேலும் மெலிந்து இடுப்புபோல் ஒடுங்கும். பக்கத்து மென்மையான அடுக்கு அந்தப் பள்ளத்தை நிரப்பும். தொடர்ந்து உருட்டினால் அடுக்கு துண்டுகளாகப் பிரியும். இரண்டே அடுக்குகளை உருட்டினால், மென்மையானது அதிகம் நீள்வதால், பட்டை வழக்கமாகக் கடினமான பக்கம் நோக்கி வளையும்.

உலோகத்தில் இரண்டு வேறுபாடுகள் உண்டு. நசுங்க நசுங்க உலோகம் கடினமாகிக்கொண்டே போவதால் இடுப்பு ஒடுங்குவது தாமதப்படும். அந்தத் திறன் தீர்ந்ததும் ஒடுங்கத் தொடங்கும். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் நகை செய்பவர்கள் தகட்டை இடையிடையே பழுக்கக் காய்ச்சி இளக்குவதும், நசுங்கி இறுகிய உலோகத்தை மீட்பதற்கே. மற்றொன்று, அலுமினியத்தின் மேல் ஆக்சைடுப் படலம் இருக்கிறது. போதிய அளவு நசுக்கினால்தான் அது வெடித்து, அதன் பிளவுகள் வழியே புதிய உலோகம் பிதுங்கி மறுபக்க உலோகத்தைப் பற்றும். அதனால்தான் கம்பித் தூரிகையால் பரப்பைத் தேய்த்த கையோடு உருட்டிவிடுகிறார்கள்.