அரசு அலுவலகம் செல்லும் நாளையும் நேரத்தையும் முடிவு செய்வது எப்படி?

தமிழ்நாடு அரசு அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 மணி முதல் மாலை 5.45 மணி வரை இயங்குவதால், சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவோர், 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு முற்பகலிலேயே வந்துசேர்வது நல்லது. பட்டா, சான்றிதழ் தொடர்பான பணிகளுக்கு ஏற்காட்டிலேயே வட்டாட்சியர் அலுவலகம் உள்ளது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஆட்சியரிடம் நேரில் மனு அளிக்கத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறும். அன்று அலுவலர்கள் பலர் கூட்ட அரங்கில் இருப்பார்கள் என்பதால், பழைய கோப்பின் நிலையை அறிய வேண்டியவர்கள் செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி, மனு எந்தப் பிரிவில் இருக்கிறதென்று மேசை மேசையாகக் கேட்டு அலைந்தேன். மனு எண்ணும் தேதியும் தெளிவாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

ஆடி மாதத்தில் கூடுதல் கவனம் தேவை. கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்பட்டால், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பணிநாளாக்கப்படும். அந்தத் தேதி ஆட்சியரின் அறிவிப்பிலேயே இருக்கும். விடுமுறை நாளிலும் அவசரப் பணிகளுக்காகக் கருவூலம் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும்.

அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. உரியவர் இருக்கையில் இல்லையெனில், அவருடைய பொறுப்பைக் கவனிப்பவர் யார் என்று பணிவாகக் கேளுங்கள்.